பிள்ளை வந்த பின் தொழிலில் மாறியவை: இரண்டு அனுபவங்கள்

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

வீட்டின் முன்னறையில் விவசாய மருந்துக்கடை நடத்துகிறேன். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து, 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் குருமண்வெளித் துறைக்கு வரும் விவசாயிகளே என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர். 2021 மே மாதத்தில் இலங்கையில் இரசாயன உரத்துக்கும் பீடைநாசினிக்கும் விதிக்கப்பட்ட இறக்குமதித் தடை நவம்பரில் நீக்கப்பட்ட பிறகும் விலை இறங்காததால், முழுப் போத்தல் வாங்க இயலாதவர்கள், "மகன், கால் போத்தல் ஊத்தித் தாங்க, வேளாண்மை வெட்டினதும் காசு தாறன்" என்று வந்து நின்றார்கள். வெறும் சோடாப் போத்தல்களில் களைநாசினியை ஊற்றி விற்றேன். அப்படி விற்கக் கூடாது என்பதை அறியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

2022 சிறுபோகக் காலத்தில் ஒரு பிற்பகல், பெரியவர் ஒருவரின் கடன் கணக்கைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். எட்டு மாத மகள் தவழ்ந்து வந்து மேசைக்குக் கீழே இருந்ததை அவர்தான் முதலில் கண்டார். தோடம்பழப் படம் கிழியாமல் ஒட்டியிருந்த போத்தலை இரு கைகளாலும் பிடித்து, மூடியை ஈறால் கடித்துக்கொண்டிருந்தாள். மூடி இறுக்கமாக இருந்ததால் ஒன்றும் நடக்கவில்லை.

அன்றிரவு கடையைப் பூட்டிவிட்டு, நிலத்தில் முழங்காலிட்டு, அவளுடைய உயரத்திலிருந்து தட்டுகளைப் பார்த்தேன். வாங்க வருபவரின் கண்ணுக்கு எட்டும் தட்டுகளை மட்டுமே இத்தனை வருடங்களாக நான் ஒழுங்காக வைத்திருந்திருக்கிறேன். பாரமான போத்தல்களும் ஒழுகிய டப்பாக்களும் கீழேயே கிடந்தன. (கர்ப்பமாக இருந்த காலத்திலிருந்தே மனைவி இதைச் சொல்லிவந்தார் என்பதையும் எழுதாவிட்டால் நியாயமாகாது.)

மறுநாளே மருந்துகளைப் பூட்டுள்ள அலுமாரிக்கு மாற்றினேன். ஊற்றி விற்பதையும் நிறுத்தினேன். பழைய வாடிக்கையாளர் சிலர் ஊற்றிக் கொடுக்கும் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். மற்றவர்களிடம், பக்கத்து வயல்காரர் இருவர் மூவர் சேர்ந்து ஒரு முழுப் போத்தலை வாங்கி, ஒரே நாளில் அடித்து முடிக்கும்படி சொன்னேன். கேட்டவர்களும் உண்டு, சிரித்துவிட்டுப் போனவர்களும் உண்டு. கடன் விடயத்தில் மட்டும் முன்பைவிடக் கடுமையாகிவிட்டேன், அதில் எனக்கு வெட்கமில்லை. மருந்து வாங்குபவரிடம் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதா, போத்தலை எங்கே வைப்பீர்கள் என்று இப்போது கேட்கிறேன். அன்று என் மகளைக் கண்ட அந்தப் பெரியவர் சொன்ன பதில், "குசினி இறவாணத்தில" (சமையலறைக் கூரையின் விளிம்பில்) என்பதாகும்.

மருதமுனையிலிருந்து:

வாப்பா மௌத்தான பிறகு எங்கள் வீட்டின் நான்கு கைத்தறிகளையும் நான் பார்த்துவருகிறேன். தறிச் சத்தத்தில் பிள்ளை உறங்காது என்று உம்மா பயந்தார். ஆனால் ஏணையில் கிடந்த மகன் அந்தச் சத்தத்திலேயே உறங்கினான். நூல் அறுந்து என் தறி நின்றால்தான் எழுந்து அழுதான். நூல் அறும் நேரமே எனக்குப் பால் கொடுக்கும் நேரமாயிற்று.

அதற்கு முன்பெல்லாம் நோன்புப் பெருநாளுக்கு வரும் ஓடர் எதையும் மறுத்ததில்லை. கடைசிப் பத்து நோன்பிலும் நெய்யும் பெண்களை இரவு வரை இருத்தி வைத்திருக்கிறேன். அவர்களில் இருவர் கைக்குழந்தைகளை வீட்டில் விட்டு வந்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அது ஒரு விடயமாகப் படவில்லை. என் சட்டை பாலில் நனைந்தபடி ஒருநாள் மாலை தறியில் இருந்தபோதுதான் அவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று நினைத்தேன். இப்போது றமழான் தொடங்குவதற்கு முன்பே ஓடரை நிறுத்திவிடுகிறேன். அதனால் வருமானம் குறையத்தான் செய்கிறது.

அந்த இருவரில் ஒருவரிடம் மன்னிப்புப் போல எதையோ சொல்லத் தொடங்கினேன். "அதெல்லாம் என்னத்துக்கு ராத்தா, பாவு சுத்தி முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, அவர் தறியில் போய் அமர்ந்தார்.