வேலியிலிருந்து தோண்டிய செடி: பழைய மண்ணை ஒரேயடியாகக் கழுவலாமா?

மண்வெட்டி:
வேண்டாம் என்று தோண்டிப் போட்ட வேலிச்செடியை போன்சாயாக்க (தொட்டியில் வளர்க்கும் குட்டி மரமாக்க) வழி கேட்பவர்களுக்கெல்லாம் இங்கே கிடைக்கிற பதில், "வேர்மண் உடையாமல் தொட்டியில் வையுங்கள்" என்பதுதான். தப்பான யோசனை. களிமண் உருண்டையைச் சுற்றிச் சல்லிக் கலவை போட்டால் தண்ணீர் ஓரமாகவே இறங்கிவிடும். நடு உருண்டை காய்ந்து கிடக்கும், இல்லையென்றால் சேறாகி வேர் அழுகும். முதல் நாளே முழுக்கக் கழுவி, தடித்த வேர்களை நாலு விரல் நீளம் விட்டு வெட்டுங்கள். தூசி சலித்த 2–6 மி.மீ. பியூமிஸ் சல்லியில் (துளைகள் நிறைந்த, எடை குறைந்த எரிமலைக் கல்) நடுங்கள்.

ஊசியிலை:
எந்தச் செடிக்கு என்று சொல்லவே இல்லையே! போகன்வில்லா, ஃபைகஸ் (ஆல், அத்தி இனம்) தாங்கும். ஜூனிப்பர் என்ற ஊசியிலைச் செடியை இப்படிச் செய்தால் போய்விடும். அது செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும், ஏமாந்துவிடுவோம். ஒரு பாதி மண்ணை மட்டும் எடுங்கள். மறுபாதியை ஓரிரு வருடம் கழித்து, செடி நன்றாகத் துளிர்த்தபின் எடுக்கலாம். கிளையையும் மொட்டையடிக்காதீர்கள். பச்சை இல்லாத பழைய கட்டையில் ஜூனிப்பர் துளிர்க்காது.

மண்வெட்டி:
ஜூனிப்பர் விஷயம் சரி, நான் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். அகன்ற இலைச் செடிகளில் பின்வாங்க மாட்டேன்.

தளிர்:
போகன்வில்லாவையும் சும்மா தாங்கும் என்று விட்டுவிடாதீர்கள். அதன் வேர் மளுக்கென்று ஒடியும், பட்டை உரியும். பைப்பில் பீய்ச்சினால் நூல்வேர் மொத்தமும் கழன்றுவிடும். வாளித் தண்ணீரில் ஊறவைத்து, மரக்குச்சியால் மெதுவாகக் கோதினால் போதாதா?

மண்வெட்டி:
கோதுங்கள், நல்லதுதான். ஆனால் நூல்வேருக்காகக் களிமண்ணைக் காப்பாற்றாதீர்கள். வெட்டுவாயிலிருந்து புதுவேர் வரும், செடி வளரும் வெதுவெதுப்பான பருவமாக இருந்தால். குளிரில் செய்தால் வெட்டுவாய் அழுகும். அடிமரத்தைக் கம்பியால் தொட்டியோடு இறுக்கிக் கட்டுங்கள். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்: காற்றில் கட்டை ஆட ஆட, புதுவேர் நுனி ஒடிந்துகொண்டே இருக்கும். மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையை மூடி நிழலில் வையுங்கள்.

ஊசியிலை:
துளிர் வந்ததும் பையைக் கழற்றி, வெயிலில் வைத்து, உரமும் போட்டுவிடுகிறார்களே, அதையும் சொல்லுங்கள். முதல் துளிர் கட்டையில் சேர்த்துவைத்த மாவுச்சத்தில் வருவது. வேர் பிடித்ததற்கு அது அத்தாட்சி இல்லை. இலை முற்றி, அடுத்த கணுவும் நீண்டு, வடிகால் துளையில் வெள்ளை வேர்நுனி தெரியும்வரை உரம் வேண்டாம். இழுத்துப் பார்த்துச் சோதிக்கவே கூடாது.

தளிர்:
போகன்வில்லா கட்டை மென்மையானது, சீக்கிரம் உளுத்து உள்ளே பொந்து விழும். மேல் வெட்டைத் தண்ணீர் தேங்காதபடி சாய்வாக வெட்டி, வெட்டுப்பசை (வெட்டுக்காயத்தை மூடும் பசை) பூசுங்கள். ஆழமில்லாத போன்சாய் தட்டுக்கும் அவசரம் வேண்டாம், கிளை தடிக்கும்வரை மரப்பெட்டியே நல்லது.

மண்வெட்டி:
பெட்டி சரி. பாதி மண்ணோடு வைக்கும் ஜூனிப்பருக்கு உருண்டை காயும் பிரச்சினை இன்னும் தீரவில்லையே, ஊசியிலை?

ஊசியிலை:
பழைய மண் பக்கம் மட்டும், சல்லி இறங்கும் அளவு தடிமனான கம்பியால் ஐந்தாறு துளை, அடிவரை. துளைக்குள் அதே சல்லியை நிரப்புங்கள். தண்ணீரைப் பூவாளியால் இரண்டு தவணையாக, சில நிமிட இடைவெளி விட்டு ஊற்றுங்கள். மேல்சல்லியைப் பார்த்து முடிவு செய்யாமல், உருண்டைக்குள் குச்சி செருகி ஈரம் பார்த்த பிறகே அடுத்த தண்ணீர்.