தாவும் சிலந்தி: தூரத்தைக் கணிக்குதா, சும்மா பாயுதா?

கரிசல்காரன்: சுவத்துல ஈ உட்கார்ந்தா சாம்பல் நிறக் குட்டிச் சிலந்தி பதுங்கிப் போய் ஒரே தாவுல பிடிக்குதே, அதைப் பெரிய பார்வை, கணக்குன்னு கொண்டாடுறாங்க. அசையுற எது மேலயும் பாயும், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் திரையில மவுஸ் அம்புக்குறியைக்கூடத் துரத்துது!

மழைத்துளி: கண் நல்லா தெரியறதாலதானே அண்ணே துரத்துது? வலை கட்டுற சிலந்தி அதைச் சீண்டக்கூட செய்யாது. எட்டுக் கண்ணுல ஆறு காவல்காரன் மாதிரி, சுத்தி அசைவு இருக்கான்னு பார்க்கும். ஏதாவது நகர்ந்தா சட்டுன்னு உடம்பைத் திருப்பி முன்னால இருக்கிற ரெண்டு பெரிய கண்ணால அது என்னன்னு பார்க்கும். எதிர்ல நிக்கிறது தன் இனத்து ஆண்னா, பெண் உடனே பாயாது. அது காலைத் தூக்கி ஆடறதைக் கவனிக்கும்.

கரிசல்காரன்: அந்தப் பெரிய கண்ணோட பார்வை அகலம் ரொம்பக் குறுகல். அதுல என்ன முழுசா தெரியும்?

மழைத்துளி: லென்ஸ் அசையாது, சரி. பின்னால நீளக் குழாய் இருக்கு, அதோட கடைசியில விழித்திரை. ஒவ்வொரு குழாயையும் ஆறு தசை இழுத்து ஆட்டும். கொஞ்சம் கொஞ்சமா தடவிப் பார்க்கும். வெளிறிய, ஒளி ஊடுருவுற உடம்பு உள்ள இனங்கள்ல கண் கறுப்பாகி வெளுக்கிறதை வெளியில இருந்தே பார்க்கலாம். கறுப்பா தெரிஞ்சா அது உங்களைத்தான் பார்க்குது.

வேடிக்கைமனிதன்: தாவுறதுக்கு முன்னாடி தூரத்தை எப்படிக் கணிக்குதுன்னு 2012-ல ஜப்பான்ல செஞ்ச சோதனை இருக்கு. நம்ம வீடுகள்லயும் இருக்கிற ஹசாரியஸ் ஆடன்சோனிங்கிற தாவும் சிலந்தியை வச்சுதான். பச்சை வெளிச்சத்துல சரியா இரையில் விழுந்தது. சிவப்புல இரைக்கு எட்டாம முன்னாடியே விழுந்துடுச்சு. விழித்திரையில நாலு அடுக்கு. ஒண்ணுல படம் தெளிவா விழும், இன்னொண்ணுல மங்கலா. மங்கல் எவ்வளவுன்னு வச்சு தூரத்தை எடுக்குது. சிவப்புல மங்கல் கூடுது, இரை கிட்ட இருக்கிற மாதிரி படுது.

கரிசல்காரன்: அதையேதான் நானும் சொல்றேன். கண்ணோட அமைப்பு அளக்குது, சிலந்தி யோசிக்கல.

வேடிக்கைமனிதன்: போர்ஷியான்னு இன்னொரு தாவும் சிலந்தி இருக்கே, அதையும் அப்படித்தான் சொல்வீங்களா? இலங்கையிலயும் இருக்கு. மத்த சிலந்தியோட வலைக்குப் போய் விதவிதமா சுண்டிப் பார்க்கும். எந்தச் சுண்டலுக்கு உள்ளே இருக்கிறது அசையுதோ, அதையே திரும்பத் திரும்பச் செய்யும். நேர்வழி இல்லைன்னா சுத்துவழியில போகும், பாதியில இரை கண்ணுக்கு மறைஞ்சாலும்.

கரிசல்காரன்: 6000க்கும் மேல இனம் இருக்கிற குடும்பத்துக்கு போர்ஷியா ஒண்ணு மட்டும் சாட்சியா? சுவத்துல இருக்கிறது இப்படி செஞ்சதுன்னு காட்டுங்க, பேசலாம்.

மழைத்துளி: சுவத்துல இருக்கிறதை யாராவது இந்த மாதிரி சோதிச்சாத்தானே அண்ணே காட்ட முடியும்?