அவசரம்: 'ஸ்ட்ரீக்'குக்கு ஒரு தமிழ்ச்சொல், திங்கக்கிழமைக்குள்ள

எல்லாருக்கும் வணக்கம். திங்கக்கிழமை பசங்களுக்கு தண்ணித்தொட்டி லேப், கையேட தமிழ்ல அடிச்சிட்டு இருக்கேன், எல்லைப்படலம் (தரைய ஒட்டி மெதுவா ஓடுற தண்ணி அடுக்கு) வரைக்கும் வண்டி ஓடுச்சு, 'ஸ்ட்ரீக்' வந்ததும் நின்னுட்டேன். தெரியாதவங்களுக்கு: ஓடுற தண்ணிக்கு குறுக்கால, தரைய ஒட்டி, முடி கனத்துல ஒரு பிளாட்டினம் கம்பி கட்டி கரண்ட் விட்டா பொடிப்பொடியா ஹைட்ரஜன் குமிழி கிளம்பும். மேலருந்து பாத்தா குமிழி சீரா பரவாது, அங்கங்க ஒண்ணு கூடி நீளநீளமா, லேசா நெளிஞ்சுகிட்டு, பக்கத்து தண்ணிய விட மெதுவா போகும். 1967ல ஸ்டான்ஃபோர்டுல க்ளைன் குழு விரிவா எழுதினது இதத்தான். நான் இப்போதைக்கு 'கீற்று'ன்னு போட்டிருக்கேன். சரியா?

-----

தம்பி, கீற்று வேண்டாம், கீத்துக் கொட்டகைதான் ஞாபகம் வரும். நம்மகிட்டயே அறல் இருக்கே! ஆத்துல தண்ணி ஓடி மணல்ல வரிவரியா விழுதே, அதான். பொருநராற்றுப்படைல 'அறல்போல் கூந்தல்'னு வருது, படத்துல நீங்க பாக்குற நெளிவும் கூந்தல் நெளிவுதானே. அறு, அறல், அறுவை எல்லாம் ஒரே வேர். அருவியையும் இதுல சேக்கலாம்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம்.

-----

> அருவியையும் இதுல சேக்கலாம்

ஐயா, அது இடையின ரகரம், இது வல்லின றகரம். எப்பிடி சேரும்?

அறல் வடிவான சொல்தான், ஆனா மணல் வரி தண்ணி ஓடுற திசைக்கு குறுக்கால எல்லோ விழும், இது நெடுக்கால போறது. பிள்ளையள் 90 பாகை பிழையா விளங்கிக்கொள்ளுவினம். நான் முதல்ல தாரை எண்டு யோசிச்சன், பிறகு பாத்தா அதை ஜெட்டுக்கு குடுத்திட்டம். ஏற்கெனவே நாங்கள் ஸ்ட்ரீம்லைனுக்கு அருவிக்கோடு எண்டு படிச்சதை உங்கட ஆக்கள் வரிச்சீர் எண்டு எழுதுறியள், இனி இதுக்கும் ரெண்டு சொல் வேணாம்.

-----

குறுக்கு வரி மட்டும்தான் விழும்னு யாரும்மா சொன்னா? வழவழப்பான தரையில கொஞ்சூண்டு மணல் தூவிப் பாருங்க, மெதுவா ஓடுற தடத்துல போய் சேந்து நெடுக்காலதான் வரி விழும். ரகரம் றகரம் பத்தி தனியா எழுதுறேன்.

-----

சொல்லு எதுவா வேணா இருக்கட்டும், எண்ணத் தோதா இருக்கணும். இந்த லேப்போட வேலையே எண்ணுறதுதானே. ரெண்டு ஸ்ட்ரீக்குக்கு நடுவுல சராசரியா 100 சுவர் அலகு (தரைய ஒட்டின ஓட்டத்த அளக்குற குட்டி நீள அலகு) இருக்கணும், தண்ணியில உராய்வு வேகம் (தரை உராய்வ வேகக் கணக்குல சொல்ற அளவு) செகண்டுக்கு 1 செ.மீ.ன்னா சுவர் அலகு 0.1 மி.மீ., அப்ப இடைவெளி சுமார் 1 செ.மீ. கேக்க சுளுவா இருக்கும். போன வருசம் 10 செ.மீ. அகலப் படம் ஒண்ண ரெண்டு பசங்ககிட்ட குடுத்தேன், ஒருத்தன் 7ன்னான், இன்னொருத்தன் 12ன்னான். ரெண்டு பேரும் பொய் சொல்லல, ஒண்ணா வந்து நடுவுல கவட்டை மாதிரி பிரியறத ஒருத்தன் ஒண்ணா எண்ணினான், அடுத்தவன் ரெண்டா எண்ணிட்டான். இடைவெளியும் ஒரே அளவுல வராது, பெரிய இடைவெளி பக்கம் வால் நீண்டுகிட்டே போகும், அதனால அடிக்கடி வர்ற அளவு சராசரிய விட கம்மி. அதுக்குத்தான் கண்ண நம்பாம குறுக்கால ரெண்டு புள்ளி வேகத்த ஒப்பிட்டுப் பாக்குறது, உறவு எங்க ரொம்ப எதிர்மறையா விழுதோ (ஒரு புள்ளி வேகமா போறப்ப மத்தது மெதுவா போறது) அதான் பாதி இடைவெளி.

'ஏழு கீற்று'ன்னு வாய்ல வருது. 'ஏழு அறல்' வருதா? மெதுவா போறது மந்தக் கீற்று, நடுவுல வேகமா போறது விரைவுக் கீற்று, முடிஞ்சது. ஆனா ஒரு புள்ளி வழியா போன துளியெல்லாம் சேக்குற கோடு இருக்கே, ஸ்ட்ரீக்லைன், அதுக்கு தயவுசெஞ்சு கீற்றுக்கோடுன்னு போட்டுறாதீங்க, அது வேற சமாச்சாரம். சாயக்கோடுன்னு வச்சா நல்லது.

-----

எல்லாருக்கும் நன்றி. தனி மடலையும் சேத்து கீற்று 4, 'பேசாம ஸ்ட்ரீக்னே எழுதுங்க' 2, அறல் 1. 'வரி'ன்னு ஒருத்தர் சொன்னார், ஜிஎஸ்டியா சார்னு பசங்க கேப்பாங்க, விட்டுட்டேன். கீற்று, சாயக்கோடுன்னு போட்டு இப்பதான் ஜெராக்ஸுக்கு குடுத்தேன்.

-----

அடிக்குறிப்புலயாவது அறல்னு போட்டிருக்கலாம். கடைக்காரருக்கு போன் பண்ணிப் பாருங்க தம்பி, இன்னும் அடிச்சிருக்க மாட்டார்.