ஹோல்டம் மட்டுமே ஆடும் வீட்டு மேசைக்குப் புது போக்கர் ஆட்டம் எதைக் கொண்டுவரலாம்?

சாட்ஸ்வர்த்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை ராத்திரி சீட்டு உண்டு. ஏழெட்டுப் பேர் வருவோம், ஆளுக்கு நூறு ரேண்ட், பிளைண்ட் (இரண்டு பேர் முறைவைத்து, சீட்டைப் பார்க்கும் முன்பே போட வேண்டிய பணம்) ஒன்று-இரண்டு, நூறு தீர்ந்தால் மறுபடி பணம் எடுக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். ரொம்ப வருஷமாக டெக்ஸஸ் ஹோல்டம் (கைக்கு இரண்டு மூடிய சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து) ஒன்றுதான் ஆடுகிறோம், இப்போது சலித்துவிட்டது. யார் எந்தச் சீட்டுக்குப் பந்தயத்தை ஏற்றுவார், யார் பயந்து மடிப்பார் (அந்தக் கையை விட்டு விலகுவார்) என்பது எல்லாருக்கும் மனப்பாடம், பாதிப் பேர் சீட்டைக் கவிழ்த்துவிட்டுப் போனைப் பார்க்கிறார்கள். ஒமாஹா, ஸ்டட் என்று ஏதாவது கொண்டுவர ஆசை. ஆனால் எங்களோடு ஆடும் இரண்டு மாமாக்கள் சின்ன வயசிலிருந்து தன்னி என்கிற எங்கள் ஊர்ச் சீட்டாட்டத்தில் ஊறியவர்கள். போக்கரே எங்களுக்காகத்தான் கற்றுக்கொண்டார்கள். இன்னும் புது விதி என்றால் "நீங்க ஆடுங்க தம்பி, நாங்க பார்க்கிறோம்" என்று எழுந்துவிடுவார்களோ என்று கவலை. அவர்கள் இல்லாத மேசை எனக்கு வேண்டாம். எதிலிருந்து தொடங்கலாம்?

மெரிபேங்க் அக்கா:
தம்பி, பைனாப்பிளில் தொடங்குங்கள். ஹோல்டம் தெரிந்தவருக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் புதுசு: கைக்கு இரண்டுக்குப் பதில் மூன்று சீட்டு, ஃப்ளாப்புக்கு (நடுவில் முதலில் திறக்கும் மூன்று சீட்டு) முன்னால் ஒன்றைக் கழித்துவிட வேண்டும். மற்றதெல்லாம் அப்படியே. அது பழகினதும் கிரேஸி பைனாப்பிள், அதில் ஃப்ளாப்பைப் பார்த்து, அந்தச் சுற்றுப் பந்தயமும் முடிந்த பிறகுதான் ஒன்றைக் கழிப்பது. அங்கேதான் ஆட்டம் சூடு பிடிக்கும், ஏனென்றால் கையில் ஒரு ஜோடியும் இருக்கும், ஃப்ளஷுக்கான (ஐந்தும் ஒரே நிறம், எல்லாம் ஆட்டின் அல்லது எல்லாம் ஸ்பேட் என்பது போல) வழியும் இருக்கும், எதை விடுவது என்று ஆள் தவிப்பது முகத்திலேயே தெரியும். கழிக்க மறந்து மூன்று சீட்டோடு டர்னுக்கு (நடுவில் நான்காவதாகத் திறக்கும் சீட்டு) போகிறவர் கட்டாயம் ஒருவர் இருப்பார். அதனால் எல்லாரும் கழித்தாரா என்று சீட்டுப் போடுகிறவர் எண்ணிப் பார்த்த பிறகே டர்னைத் திறக்க வேண்டும் என்று முதலிலேயே பேசி வையுங்கள்.

இன்னொன்று. ஒரு கை மட்டும் ஆடிவிட்டுப் பழையதற்குத் திரும்பாதீர்கள். டீலர் பட்டன் (சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்டும் வில்லை) மேசையை ஒரு முழுச் சுற்று வரட்டும். அப்போதுதான் பிளைண்ட் போடுவதும் கடைசியாகப் பேசுவதும் எல்லாருக்கும் ஒருமுறை வரும், யாருக்கும் மனக்குறை இருக்காது.

டோங்காட் சீட்டுக்காரர்:
அக்கா சொன்னது சரி, ஆனால் மாமாக்களுக்கு அது பத்தாது. அவர்களுக்கு ஏற்கெனவே எது கைவந்த கலையோ அதற்கு வேலை வைக்கிற ஆட்டத்தைக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. தன்னியில் 24 சீட்டு, நான்கு பேர், ஆளுக்கு ஆறு. எந்த ஜாக்கி விழுந்தது, எந்த ஒன்பது இன்னும் வெளியே வரவில்லை என்று கடைசிப் பிடி வரை மனசில் வைத்திருக்கிற ஆட்கள் அவர்கள். ஹோல்டத்தில் அந்த ஞாபகத்துக்கு வேலையே இல்லை, கழிந்த சீட்டு எதையும் யாரும் பார்ப்பதில்லை.

செவன் கார்டு ஸ்டட் ஆடச் சொல்லுங்கள். பொதுச் சீட்டு கிடையாது. ஆளுக்கு ஏழு, அதில் முதல் இரண்டும் கடைசி ஒன்றும் மூடி, நடுவில் நான்கு திறந்து. பிளைண்டும் இல்லை: எல்லாரும் சின்னதாக ஒரு ஆன்டே (சீட்டு வரும் முன் ஆளுக்கு ஆள் போடும் பணம்) போட, திறந்ததில் குறைந்த சீட்டு யாரிடமோ அவர் முதல் பந்தயத்தைக் கட்டாயமாகத் தொடங்க வேண்டும். உங்கள் கையில் இரண்டு ராஜா இருந்து மூன்றாவதுக்குக் காத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். எதிரே இரண்டு பேர் ஆளுக்கொரு ராஜாவைத் திறந்து காட்டி மடித்துவிட்டுப் போயிருந்தால் அந்த மூன்றாவது ராஜா வரவே வராது. மடித்த சீட்டைக் கவிழ்த்து ஒதுக்கிவிடுவார்கள், மனசில் வைத்திருந்தவருக்குத்தான் தெரியும். இதைத்தானே மாமாக்கள் ஐம்பது வருஷமாகச் செய்கிறார்கள்! பந்தயத்தை நிலையான அளவில் வையுங்கள், முதல் இரண்டு சுற்றுக்கு இரண்டு ரேண்ட், பிறகு நான்கு. எவ்வளவு ஏற்றுவது என்ற குழப்பமே இருக்காது.

இரண்டு விஷயம் கவனம். ஏழு பேருக்கு 49 சீட்டு, எட்டாவது ஆள் உட்கார்ந்தால் 56 வேண்டும், கட்டில் இருப்பது 52. எட்டுப் பேரும் மடிக்காமல் நிற்பது அபூர்வம். அப்படி நடந்தால் கடைசிச் சீட்டு ஒன்றை மட்டும் நடுவில் போட்டு எல்லாருக்கும் பொதுவாக்கிவிடுவார்கள். அப்புறம், மின்வெட்டு நேரத்தில் எமர்ஜென்சி லைட்டில் ஸ்டட் வேண்டாம், எதிர் மூலையில் திறந்திருப்பது ஆறா ஒன்பதா என்று வயசானவர்களுக்குத் தெரியாது.

பீனிக்ஸ்_பையன்:
ஒமாஹாவை விட்டுவிடாதீர்கள் அண்ணா, ஆனால் அதை மூன்றாவதாக வையுங்கள். கைக்கு நான்கு சீட்டு, அதில் சரியாக இரண்டும் நடுவிலிருந்து சரியாக மூன்றும் எடுத்தே ஆக வேண்டும். இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஆனால் நடுவில் ஆட்டின் ராஜா, ஒன்பது, ஆறு, இரண்டு, கூடவே ஸ்பேட் பத்து என்று விழும்போது, கையில் ஆட்டின் ஏஸ் ஒன்றை மட்டும் வைத்திருப்பவர் ஃப்ளஷ் என்று நம்பி எல்லா சிப்ஸையும் தள்ளிவிடுவார். அது ஃப்ளஷ் இல்லை. கையில் இன்னொரு ஆட்டின் இருந்தால்தான் ஃப்ளஷ். ஆகவே முதல் இரண்டு மூன்று கையைப் பணமில்லாமல், எல்லாருடைய சீட்டையும் திறந்து வைத்து, யாருக்கு என்ன சேருகிறது என்று மேசையிலேயே நகர்த்திக் காட்டுங்கள். வாயால் பத்துத் தடவை சொல்வதைவிட இது நல்லது.

நான்கு சீட்டிலிருந்து இரண்டை ஆறு விதமாக எடுக்கலாம் என்பதால் எல்லாருக்கும் ஏதோ ஒன்று மாட்டும், யாரும் மடிக்க மாட்டார்கள், பாட் (நடுவில் சேரும் பந்தயப் பணம்) வீங்கிவிடும். பிளைண்டைப் பாதியாகக் குறையுங்கள். பாட் லிமிட் (பாட்டின் அளவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற விதி) ஆடினால் கணக்கு இதுதான்: பாட்டில் 30 இருக்கிறது, ஒருவர் 10 போடுகிறார், அடுத்தவர் அதிகபட்சம் 60 வரை போடலாம், அதாவது அந்தப் பந்தயத்தின் மூன்று மடங்கோடு முன்பு இருந்த பாட்டையும் கூட்டினால் வருவது.

சாட்ஸ்வர்த்காரன்:
எல்லாருக்கும் நன்றி. ஸ்டட் பற்றி நினைக்கவே இல்லை, பெரிய மாமாவுக்கு நிச்சயம் பிடிக்கும். ஷார்ட் டெக் என்று ஒன்று கேள்விப்பட்டேன், அது சரிவருமா?

டோங்காட் சீட்டுக்காரர்:
பிறகு பார்க்கலாம். இரண்டிலிருந்து ஐந்து வரை எடுத்துவிட்டு 36 சீட்டில் ஆடுவது, குறைந்த கட்டு அவர்களுக்குப் புதுசில்லை. ஆனால் ஒரு நிறத்துக்கு ஒன்பது சீட்டுத்தான் என்பதால் ஃப்ளஷ் கிடைப்பது அரிது, அது ஃபுல் ஹவுஸை (மூன்று ஒரே சீட்டும் ஒரு ஜோடியும்) அடிக்கும். மூன்று ஒரே சீட்டு பெரிதா ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு) பெரிதா என்பது இடத்துக்கு இடம் மாறும். சீட்டைக் கலைக்கும் முன்னே அதை முடிவு செய்து தாளில் எழுதி மேசையில் வையுங்கள். இந்த வெள்ளிக்கிழமைக்கு ஸ்டட் ஒரு சுற்று, பைனாப்பிள் ஒரு சுற்று, மிச்ச நேரம் உங்கள் ஹோல்டம். அது போதும்.