ஜான் ஹெய்ன்ஸ்: காடு கொடுத்த கவிதையா, கற்றுக்கொண்ட கவிதையா?

பனிவாசி:

"இயற்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கவிதை வந்துவிடாது" என்று தாமிரபரணிக்காரன் போன வாரம் எழுதியிருந்தார். அதற்குப் பதில் சொல்ல ஜான் ஹெய்ன்ஸ் ஒருவரே போதும். 1924ல் பிறந்த அமெரிக்கக் கவிஞர். போரில் கடற்படையில் இருந்துவிட்டு 1947ல் அலாஸ்காவுக்குப் போனார். ஃபேர்பேங்க்ஸிலிருந்து ரிச்சர்ட்சன் நெடுஞ்சாலையில் 68ஆவது மைல், தனானா ஆற்றைப் பார்த்த மேடு. அங்கே 160 ஏக்கர் குடியேற்ற நிலம் வாங்கி, கையாலேயே குடில் கட்டினார். ஓவியராகும் ஆசையோடு போனவர். முதல் குளிர்காலத்தில் சாயம் உறைந்துபோனதால் எழுத உட்கார்ந்தார் என்பார்கள். நடுவில் ஓவியம் படிக்க ஊர்ப்பக்கம் போய், 1954ல் திரும்பி, 1969 வரை அங்கேயே வாழ்ந்தார். முதல் தொகுப்பு 'வின்டர் நியூஸ்' 1966ல் வந்தது.

அதன் தலைப்புக் கவிதை ரொம்பச் சின்னது. அலாஸ்காவில் நார்த்வே என்ற ஊரில் கிணறுகள் உறைகின்றனவாம். பொழுது சாயும்போது எண்ணெய்த் தகரங்கள் படார் படார் என்கின்றன. மூச்சுக்காற்று தெருவில் ஆவியாக மிதக்கிறது. விறைத்துக்கொண்டிருக்கும் நாய்களுக்குத் தீனி வைக்க ஆட்கள் வெளியே போகிறார்கள்.

நான் கனடாவில் எட்மன்டனுக்கு வந்த முதல் வருடம், மைனஸ் 35 இரவு ஒன்றில், சுவரில் யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரி சத்தம். பயந்து எழுந்து வாசல் கதவைப் போய்ப் பார்த்தேன். குளிரில் மரமும் ஆணியும் சுருங்கும் சத்தம் அது என்று மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அந்தத் தகரச் சத்தத்தை மேஜையில் உட்கார்ந்து யாராலும் கற்பனை செய்துவிட முடியாது. நிலம் இல்லாவிட்டால் இந்தக் கவிதை இல்லை. என் கட்சி அவ்வளவுதான்.

தாமிரபரணிக்காரன்:

அண்ணா, நீங்கள் கொண்டுவந்த சாட்சி எனக்குத்தான் சாதகம். அந்தக் கவிதை எப்படித் தொடங்குகிறது? "சொல்கிறார்கள்" என்று. நார்த்வே கனடா எல்லைப் பக்கம் இருக்கிற ஊர். 68ஆவது மைலிலிருந்து வெகுதூரம். கிணற்றை எட்டிப் பார்த்தவர் குரலே அதில் இல்லை. காதில் விழுந்த சேதி அது. தலைப்பே 'சேதி'தானே?

இன்னொன்று. நடுவில் ஓவியம் படிக்கப் போனார் என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். நியூயார்க்கில் ஓவியர் ஹான்ஸ் ஹாஃப்மன் நடத்திய பள்ளியில் படித்தவர் அவர். எதைச் சட்டத்துக்குள் விடுவது, எதை வெளியே நிறுத்துவது என்ற தீர்மானம் பள்ளியிலும் வாசிப்பிலும் வரும். பனி அதைச் சொல்லிக்கொடுக்காது. அவர் குடில் இருந்த ரிச்சர்ட்சன், தங்கம் தேடி வந்தவர்களால் உண்டான ஊர். அந்தக் கிழவர்களும் அதே ஆற்றையும் அதே ஸ்ப்ரூஸ் மரங்களையும் ஆயுள் முழுக்கப் பார்த்தவர்கள்தாம். அவர்களில் எத்தனை பேர் கவிதை எழுதினார்கள்?

உளிச்சத்தம்:

இரண்டு பேருமே ஒன்றைத் தொடாமல் போகிறீர்கள். இவர் பொறி வைத்து மார்ட்டன் என்ற கீரி மாதிரிப் பிராணியையும் லின்க்ஸ் என்ற காட்டுப்பூனையையும் பிடித்து, தோலை விற்றுப் பிழைத்தவர். மூஸ் மானைச் சுட்டுச் சாப்பிட்டவர். காலை இரும்பு கவ்வி, அந்தக் குளிரில் மணிக்கணக்காகக் கிடந்து சாகும் உயிரைப் பக்கத்தில் போய்ப் பார்ப்பதா இயற்கையை நேசிப்பது? பிறகு அதையே கவிதையாக்கினால் நாம் தலையில் தூக்கிவைக்க வேண்டுமா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

பனிவாசி:

உளிச்சத்தம், உங்கள் கோபம் நியாயமானது. கொல்வதில் உள்ள கொடுமையை ஹெய்ன்ஸும் மறைக்கவில்லை. 1989ல் வந்த 'தி ஸ்டார்ஸ், தி ஸ்நோ, தி ஃபயர்' என்ற உரைநடை நூலில் பொறி வைப்பதையும் தோலுரிப்பதையும் பூசி மெழுகாமல் எழுதியிருக்கிறார். படிக்கும்போது கை நடுங்கும்.

ஆனால் அவருடைய பார்வை கூர்மையானது அந்த வேலையால்தான் என்று நான் நம்புகிறேன். பொறி வைப்பவர் காட்டை ரசித்துவிட்டு வர முடியாது. நேற்று விழுந்த பனியில் இந்தக் காலடி விழுந்ததா, அதற்கு முன்பா? விளிம்பு இறுகியிருக்கிறதா, இன்னும் பொலபொலவென்று உதிர்கிறதா? முயல் ஏன் இந்த இடத்தில் திசை மாறியது? தடத்தைத் தப்பாக வாசித்தால் அந்த மாதம் கையில் காசு இல்லை. டிசம்பர் பிற்பகுதியில் அங்கே பகல் சுமார் நாலு மணி நேரம்தான். அதற்குள் பார்த்தாக வேண்டும். அதே நூலில் பனியை அவர் புத்தகம் என்கிறார். காற்று வீச அதன் பக்கங்கள் புரளுகின்றன. வெறும் உவமையாக எனக்கு அது படவில்லை. அதை வாசித்துத்தான் அவர் சோறு தின்றார்.

தாமிரபரணி, நீங்கள் கேட்ட கிழவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அவர்கள் எழுதவில்லை, உண்மைதான். ஆனால் தடம் பார்ப்பதையும் பொறி வைப்பதையும் ஹெய்ன்ஸ் கற்றது அந்த மாதிரிப் பழைய ஆட்களிடம்தான்.

தாமிரபரணிக்காரன்:

வேலை பார்வையைத் தீட்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெறுமே காட்டை ரசிக்கப் போனவர் என்று மனதுக்குள் நான்தான் அவரைத் தப்பாக எடைபோட்டுவிட்டேன். ஆனாலும் பார்வை தீட்டியாயிற்று என்றால் கவிதை வந்தாயிற்று என்று ஆகிவிடாது. 1947க்கும் 1966க்கும் நடுவில் பத்தொன்பது வருடம். காடு முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது. அவர் காத்திருந்தது மொழிக்காக.

உளிச்சத்தம்:

அந்த உரைநடை நூலின் உபதலைப்பில் 'வனாந்தரம்' என்று போட்டிருக்கிறார்களே, யாருக்கு அது வனாந்தரம்? தனானா ஆற்றங்கரை அதபாஸ்கன் பழங்குடி மக்களின் ஊர். நார்த்வே அவர்களுடைய கிராமம். "சொல்கிறார்கள்" என்றால் சொன்னது யார் என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு மேல் இந்த விஷயத்தில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

செம்பருத்தி:

'இஃப் தி அவுல் கால்ஸ் அகெய்ன்' என்ற அவருடைய கவிதையை இரண்டு மாதமாகத் தமிழில் கொண்டுவரப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆற்றுக்கு நடுவில் இருக்கும் தீவிலிருந்து அந்தி நேரத்தில் ஆந்தை மறுபடி கூப்பிட்டால், குளிரும் அதிகம் இல்லாவிட்டால், நிலா எழும்வரை காத்திருந்து நானும் பறந்துபோய் அதைச் சந்திப்பேன் என்கிறார். இரண்டும் பேசிக்கொள்வதில்லை. ஸ்ப்ரூஸ் மர நிழலில் உட்கார்ந்து, அசட்டையாகத் திரிந்த எலிகளின் எலும்பைக் கொத்துகின்றன. நிலா ஆசியாவை நோக்கி நகர்கிறது. விடிந்ததும் சத்தமில்லாமல் பிரிகின்றன.

முதல் முட்டுக்கட்டை ஆந்தையே. நம் ஊரில் அது கூப்பிட்டால் சாவுச் சேதி. இங்கே ஒருவர் அதன் அழைப்புக்காகக் காத்திருக்கிறார். கடைசியில் நற்றிணை 83தான் கைகொடுத்தது. ஊர்வாயிலில் இருக்கும் கூகையைத் தோழி கெஞ்சுகிறாள்: நெய்ச்சோறும் சுட்ட எலியும் தருகிறோம், தலைவன் வரும் இரவில் குழறாதே என்று. ஆந்தையோடு பேசுவதும் அதற்கு எலி விருந்து வைப்பதும் நம் மொழிக்குப் புதிதில்லை என்று தெரிந்ததும், 'ஆந்தை'யை அடித்துவிட்டு 'கூகை' என்று எழுதினேன்.

இரண்டாவது முட்டுக்கட்டையில்தான் இன்னும் நிற்கிறேன். பனிமூடிய படுக்கையில் ஆறு என்னவோ செய்கிறது. 'முணுமுணுக்கிறது' என்று போட்டால் கோயிலில் மந்திரம் சொல்வது போல இருக்கிறது. பனிவாசி அண்ணா, உறைந்த ஆறு எப்படிச் சத்தம் போடும்?

பனிவாசி:

தங்கச்சி, இங்கே நார்த் சஸ்காச்சுவான் ஆற்றில் கேட்டதைச் சொல்கிறேன். நவம்பரில் பனித்தட்டுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும்போது, முறத்தில் உமியை அசைத்தால் வருமே, அந்த ஓசை. முழுக்க மூடிய பிறகு அது நின்றுவிடும். அப்புறம் இரவில் கரையோரம் நின்றால் கீழேயிருந்து ஒரு சத்தம் வரும். அடுத்த அறையில் வயதானவர் தூக்கத்தில் பேசுவது மாதிரி. இருப்பது தெரியும், சொல் புரியாது. திடீரென்று நின்றுவிடும்.

செம்பருத்தி:

அப்படியானால் 'முனகுகிறது'.

தாமிரபரணிக்காரன்:

நல்ல சொல். அண்ணனின் காது இல்லாமல் உங்களுக்கு அது கிடைத்திருக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அண்ணன் பல வருடமாகக் கேட்டும் அந்தச் சொல்லைப் போட்டது நீங்கள்தானே? நான் சொல்லவருவதும் இதைத்தான்.

செம்பருத்தி:

அந்த வரியில் இன்னொன்றும் கிடைத்தது. ஆங்கிலத்தில் ஆற்றின் அடித்தரைக்கும் படுக்கைக்கும் ஒரே சொல். அது தமிழில் தொலைந்துவிடும் என்று பயந்துகொண்டிருந்தேன். ஆற்றுப்படுகை என்கிறோமே, அதிலேயே ஆறு படுத்துக் கிடக்கிறது! அந்த வரி இப்போது இப்படி நிற்கிறது: "பனிப்படுகையில் ஆறு முனகுகிறது." இன்னும் ஏழு வரி பாக்கி. சனிக்கிழமை போடுகிறேன்.