புதுப்பிப்பு: சிகிச்சை நிறுத்திய பிறகும் அப்பாவுக்கு இருமல்

பெம்ப்ரோலிசுமாப் (உடலின் நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிப் புற்றுநோயைத் தாக்கவைக்கும் இம்யூனோதெரபி மருந்து) நிறுத்திப் பல மாதம் கழித்து அப்பாவுக்கு வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வந்ததே, மருந்தின் வேலையா என்று முன்பு கேட்டிருந்தேன். ஆமாம், அதேதான். நியூமோனைடிஸ், அதாவது நுரையீரல் அழற்சி.

உட்கார்ந்திருக்கும்போது ஆக்ஸிமீட்டரில் ரத்த ஆக்ஸிஜன் அளவு 95% காட்டியது. டாக்டர் விடவில்லை, வராந்தாவில் நடக்கச் சொன்னார். திரும்பி வரும்போது 88%! உடனே சிடி ஸ்கேன். இரண்டு பக்கமும் மங்கலான வெண்திட்டுகள். கிருமித்தொற்றா, புற்றுநோய் பரவலா என்றும் பார்த்து, இரண்டும் இல்லை என்ற பிறகே முடிவுக்கு வந்தார்கள்.

மருந்து ரத்தத்தில் குறைந்தாலும், அது தட்டி எழுப்பிய டி செல்கள் (நோய் எதிர்ப்பு செல்கள்) உடனே அடங்குவதில்லையாம். அதனால்தான் இத்தனை தாமதம்.

இப்போது அழற்சியைத் தணிக்க பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. இருமல் சில நாளிலேயே தணிந்தது. ஆனால் சட்டென நிறுத்தக்கூடாது. வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்கணும், குறைக்கும்போதே திரும்ப வரலாம். ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறியிருக்கிறது, தூக்கமும் இல்லை (எங்களுக்கும்தான்). ஸ்டீராய்டு எடுக்கும்போது வரக்கூடிய நுரையீரல் தொற்றைத் தடுக்க கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கும் உண்டு.

இம்யூனோதெரபி எடுத்தவர்கள் எந்த டாக்டரிடம் போனாலும், எப்போதோ முடிந்திருந்தாலும், முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். அடுத்த ஸ்கேன் முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.