பாம்பன் பக்கம் சர்க்கரை சென்சார் போட்டிருப்பவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். என் அக்கா மகனுக்கு 15 வயது, டைப் 1 சர்க்கரை நோய். கையில் ஒட்டும் ஃப்ரீஸ்டைல் லிப்ரே சென்சார் வாங்க யோசிக்கிறோம். 14 நாள் வரும், செல்போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் அளவு தெரியும். ஆனால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வரைதான் தண்ணீர் தாங்குமாம். இவனோ பள்ளி விட்டால் கடலில்தான் கிடப்பான். கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமே வரவில்லை. மேலே பிளாஸ்திரி ஒட்டிக் கடலில் குளிப்பவர்கள் உண்டா? உப்புத் தண்ணீரில் கழன்றுவிடுகிறதா?

அப்புறம், ராத்திரி தூக்கத்தில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்குவதுதான் எங்கள் பெரிய பயம். அப்போது அக்கா போனிலும் அலாரம் அடிக்க வேண்டும். அதற்கு நெட் அறுபடக் கூடாது. இங்கே எந்த சிம் ஒழுங்காக எடுக்கிறது? சாப்பாடு, ஊசிக் கணக்கு குறிக்கத் தமிழில் ஆப் தெரிந்தாலும் சொல்லுங்கள்.